பால்மரம் வளர்த்த ரிட்லி

ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைச் சுற்றி இன்று செம்பனை மரங்களே கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கின்றன. ஆயினும் அவ்வூர்களில் வாழும் முதியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், அவர்களுடைய நினைவு பால்மரக் காட்டிற்கே திரும்பும். விடியுமுன் பெரட்டுக் களத்தில் கூடியது, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தது, மரத்திற்கு மரம் ஓடிச் சீவியது, மங்குகளில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்துத் தோளில் சுமந்தது என ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். கொட்டை வெடிக்கும் பருவத்தில் காடு முழுவதும் பட்டாசு வெடிப்பது போன்ற ஓசை கேட்கும் என்பார்கள். சிறுவர்கள் அந்தக் கொட்டைகளைப் பொறுக்கி விளையாடியதையும் கூறுவார்கள்.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்ட அந்த மரம், இந்த மண்ணில் தோன்றியதன்று. அதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. அது கடல் கடந்து வந்து, ஒரு பூங்காவில் நின்று, பூத்து, விதை தந்து, பின்னரே தோட்டங்களுக்குப் பரவியது. பூங்காவில் நின்ற காலத்தில் அதனை யாரும் பொருட்படுத்தவில்லை. அந்நாளில் அம்மரத்தின் மதிப்பை உணர்ந்து, அதனைப் பேணி வளர்த்து, ஆராய்ந்து, விதைகளை ஊரெங்கும் வழங்கியவர் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி என்ற தாவரவியல் அறிஞர்.

கண்ணாடி வீட்டில் முளைத்த கன்றுகள்

ரிட்லியின் வரலாற்றை அறியுமுன், அம்மரம் வந்த வழியை அறிந்துகொள்வது நல்லது. அமேசான் காட்டு மக்கள் ரப்பர் மரத்தின் பாலை நெடுங்காலமாகவே பயன்படுத்தி வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழிற்சாலைகள் பெருகியபோது உலகம் முழுவதும் ரப்பருக்குத் தேவை உண்டானது. ஆனால், ரப்பர் முழுவதும் காட்டு மரங்களிலிருந்தே கிடைத்தது. அந்த மரத்தைத் தங்கள் ஆட்சிக்குட்பட்ட ஆசிய நாடுகளில் பயிரிட வேண்டும் என்று ஆங்கிலேயர் விரும்பினர்.

1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவிற்குக் கொண்டு வந்தார். ரப்பர் விதையில் எண்ணெய்ப் பசை மிகுதி. நெல்லையோ உளுந்தையோ போல அதனை மாதக்கணக்கில் சேமித்து வைக்க முடியாது. மரத்திலிருந்து விழுந்த சில வாரங்களிலேயே அது முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். எனவே, விதைகள் வந்து சேர்ந்தவுடன் கியூ பூங்காவின் கண்ணாடி வீடுகளில் இடம் ஒதுக்கி, அவசர அவசரமாக விதைத்தனர். குளிர் நாடாகிய இங்கிலாந்தில், கண்ணாடிச் சுவர்களுக்குள் வெப்பமும் ஈரமும் குறையாமல் காத்து, வெப்பமண்டலச் செடிகளை வளர்ப்பதற்கென அமைக்கப்பட்ட வீடுகள் அவை. அவ்வளவு கவனம் செலுத்தியும் ஏறத்தாழ 2,700 விதைகளே முளைத்தன. நூற்றுக்கு நான்கு என்ற அளவில்தான் உயிர் எஞ்சியது.

முளைத்த கன்றுகளுள் பெரும்பாலானவை, கண்ணாடி பொருத்திய மரப்பெட்டிகளில் வைக்கப்பட்டுக் கப்பலில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. உப்புக் காற்றுப் படாமலும் ஈரம் வற்றாமலும் செடிகளைக் காக்கும் பெட்டிகள் அவை. அடுத்த ஆண்டாகிய 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை வந்தடைந்தன. அவற்றுள் சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. அங்கு அக்கால மரம் ஒன்று இன்றும் நிற்கிறது. எஞ்சியவை சிங்கப்பூரில் வேரூன்றின. வெப்பமும் மழையும் நிறைந்த இம்மண் அவற்றுக்குத் தாய்மண்ணைப் போலவே அமைந்தது. கண்ணாடி வீட்டில் பிறந்த கன்றுகள் வெட்டவெளியில் வளர்ந்தன. சில ஆண்டுகளில் பூத்தன.

ரப்பர் மரத்தின் பூவைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை மரம் இலைகளை உதிர்க்கும். மீண்டும் துளிர்விடும்போது, இளந்தளிர்களுக்கிடையே சிறுசிறு மஞ்சள் பூக்கள் கொத்துக் கொத்தாக மலரும். அவற்றுக்கு இதழ்கள் இல்லை. மெல்லிய மணம் மட்டும் உண்டு. அந்தப் பூ காயாகி முற்றினால், மூன்று அறைகளைக் கொண்ட ஓடு வெயிலில் படீரென வெடித்து, விதைகளைத் தொலைவில் தெறிக்கச் செய்யும். சிங்கப்பூரில் அம்மரங்கள் பூத்துக் காய்த்த பின்னர், கியூவிலிருந்து கன்றுகள் வர வேண்டிய தேவை குறைந்தது. இங்கேயே விதை கிடைத்தது. ஆனால், அந்த விதைகளை வாங்கி நடுவதற்குத்தான் எவரும் முன்வரவில்லை.

இயற்கையை நேசித்த இளைஞர்

ஹென்றி நிக்கலஸ் ரிட்லி 1855-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் பிறந்தார். அவருடைய தந்தை ஒரு பாதிரியார். ரிட்லி சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிப் பருவத்திலேயே பூச்சிகள், பறவைகள், செடிகொடிகள் ஆகியவற்றைத் தேடித் திரிந்து குறிப்பெடுப்பதில் அவருக்கு ஆர்வம் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயின்று பட்டம் பெற்றார். 1880-இல் இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தாவரவியல் பிரிவில் பணியில் சேர்ந்தார்.

அருங்காட்சியகத்தில் அவருக்குக் கிடைத்தவை உலர்ந்த இலைகளும் காகிதத்தில் ஒட்டிய பூக்களுமே. உயிருள்ள காடுகளைக் காண வேண்டும் என்ற வேட்கை அவருக்கு இருந்தது. 1887-இல் பிரேசில் கடலோரத்திற்கு அப்பால் உள்ள ஃபெர்னாண்டோ டி நொரோன்யா என்ற தீவிற்கு ஓர் ஆய்வுப் பயணம் மேற்கொண்டார். மறு ஆண்டு அவருடைய வாழ்வையே மாற்றிய வாய்ப்பு வந்தது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை அடங்கிய தொடுவாய்க் குடியேற்றங்களின் பூங்காக்களுக்கும் காடுகளுக்கும் இயக்குநராக அவர் நியமிக்கப்பட்டார். 1888-ஆம் ஆண்டின் இறுதியில், தம் 33-ஆம் வயதை எட்டும் வேளையில், அவர் சிங்கப்பூரில் கால் வைத்தார்.

அதே 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் என்பவர் காற்றடைத்த ரப்பர் டயருக்குக் காப்புரிமை பெற்றார். அந்த டயருக்கும் தம் பூங்காவில் நிற்கும் மரங்களுக்கும் உள்ள தொடர்பை ரிட்லி அன்று அறிந்திருக்க முடியாது. ஆனால், சில ஆண்டுகளில் அந்தத் தொடர்பே மலாயாவின் தலையெழுத்தை மாற்றவிருந்தது.

மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வழி

ரிட்லி பொறுப்பேற்றபோது பூங்காவிலிருந்த ரப்பர் மரங்களைச் சுற்றிப் புதர் மண்டிக் கிடந்தது. அவர் அதனை வெட்டித் துப்புரவு செய்வித்தார். விதைகளைச் சேகரித்து நாற்று வளர்க்கச் செய்தார். கன்றுகள் ஓங்கி வளர இடைவெளி விட்டு நடச் செய்தார். மரங்கள் செழித்தன. ஆயினும் ஒரு கேள்வி மட்டும் தீராமல் நின்றது. பாலை எவ்வாறு எடுப்பது?

அமேசான் காட்டில் பால் எடுத்தவர்கள் சிறு கோடரியால் மரத்தைக் கொத்துவது வழக்கம். அவ்வாறு கொத்தும்போது வெட்டு ஆழமாகப் பாய்ந்துவிடும். காயம் ஆறும்போது மரத்தில் முடிச்சுகள் தோன்றும். மறுபடியும் அதே இடத்தில் பால் எடுக்க இயலாது. எல்லையற்ற காட்டில் ஒரு மரம் கெட்டால் இன்னொரு மரத்தைத் தேடிப் போகலாம். தோட்டத்தில் அவ்வாறு செய்ய முடியாது. வளர்த்த மரம் ஆண்டுக்கணக்கில் பால் தந்தால்தான் தோட்டக்காரருக்குக் கட்டுப்படியாகும்.

1889-இல் ரிட்லி தம் சோதனைகளைத் தொடங்கினார். மரப்பட்டையின் அமைப்பை அவர் கூர்ந்து நோக்கினார். பால் சுரக்கும் நுண்ணிய குழாய்கள் பட்டையின் உட்பகுதியில் இருக்கின்றன. அதற்கும் உள்ளே, மரத்தைப் பருக்கச் செய்கின்ற மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அந்தப் படலம் காயப்பட்டால் பட்டை மீண்டும் ஒழுங்காக வளராது. எனவே, வெட்டு அந்தப் படலத்தைத் தொடக்கூடாது. ஆனால், அதற்கு மிக அருகில் வரை செல்ல வேண்டும். ஒரு நூலளவு கை தவறினாலும் மரம் கெடும். கத்தியை ஆழப் பாய்ச்சாமல், பட்டையைச் சாய்வாக மெல்லச் சீவி எடுப்பதே ஏற்ற வழி என்று அவர் கண்டார்.

அடுத்து, ஒருமுறை சீவிய இடத்தின் ஓரத்திலேயே மறுமுறையும் மெல்லிய சீவல் எடுத்துப் பார்த்தார். முதன்முறை வந்ததைவிட மறுமுறை மிகுதியாகப் பால் வடிந்தது. காயம் பட்ட இடத்தை நோக்கி மரமே பாலை அனுப்புகிறது என்பதை அவர் உணர்ந்தார். ஆகவே, நாள்தோறும் புதிய இடத்தில் வெட்ட வேண்டியதில்லை. பழைய வெட்டின் ஓரத்தையே சிறிது சிறிதாகச் சீவிக்கொண்டு போனால் போதும். கீழ்ப்பகுதி வரை சீவி முடிப்பதற்குள் மேலே பட்டை மீண்டும் வளரத் தொடங்கிவிடும். சில ஆண்டுகள் கழித்து அதே பட்டையை மறுபடியும் சீவலாம். நடுவே ஒரு நேர்க்கோடும் அதன் பக்கங்களில் சாய்வான கோடுகளுமாக, மீன் முள்ளைப் போன்ற வடிவில் சீவும் முறையை அவர் வகுத்தார். வெயில் ஏறுவதற்கு முன், குளிர்ந்த விடியற்காலையில் பால் நன்றாக வடிகிறது என்பதையும் அவருடைய சோதனைகள் காட்டின.

பிற்காலத்தில் தோட்டத் தொழிலாளர்கள் இருள் பிரியும் முன்பே நிரைக்கு ஓடியதற்குக் காரணம் இதுதான். மேற்பார்வையாளர்கள் மரத்தில் காயம் பட்டிருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்ததற்கும் காரணம் இதுவே.

பரிகாசத்திற்கு ஆளானவர்

சோதனைகள் வெற்றி பெற்றன. ஆனால், ரிட்லியின் பேச்சைக் கேட்பார் இல்லை. அந்நாளில் மலாயாவில் பணம் தரும் பயிர் என்று தோட்ட முதலாளிகள் நம்பியது காப்பியை. சிலாங்கூரில் காட்டை அழித்துக் காப்பிச் செடிகளை நட்டு வந்தனர். காப்பி மூன்று நான்கு ஆண்டுகளில் பலன் தரத் தொடங்கும். ரப்பர் மரமோ பால் எடுக்கும் பருவத்தை எட்ட ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதற்குள் விலை என்னவாகும், பால் சரியாகக் கிடைக்குமா, யார் வாங்குவார்கள் என்ற ஐயங்கள் அவர்களுக்கு இருந்தன. அவர்களுடைய தயக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. கடன் வாங்கி நிலத்தில் போட்ட பணத்திற்கு ஆறேழு ஆண்டுகள் வருமானம் இல்லாமல் காத்திருப்பது எளிதன்று.

ரிட்லி சோர்ந்து போகவில்லை. தோட்டக்காரர்களைச் சந்திக்கும்போதெல்லாம் ரப்பரைப் பற்றியே பேசினார். சட்டைப் பையில் விதைகளை வைத்திருந்து, கண்டவர்களிடமெல்லாம் நடுமாறு கொடுத்தார். 1891-இல் தாம் தொடங்கிய வேளாண்மை இதழில் தம் சோதனை முடிவுகளை எழுதி வெளியிட்டார். இதனால் மக்கள் அவருக்குப் பித்துப்பிடித்த ரிட்லி என்றும் ரப்பர் ரிட்லி என்றும் பட்டப்பெயர் சூட்டினர். அரசாங்க வட்டாரத்திலும் அவருடைய முயற்சியை வீண் வேலை என்று கருதியவர்கள் இருந்தனர்.

அவர் ரப்பரை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தார் என்று எண்ணிவிடக் கூடாது. தீவக்கற்பத்தின் காடுகளில் அலைந்து ஆயிரக்கணக்கான தாவர மாதிரிகளைச் சேகரித்தார். காடுகளைப் பாதுகாக்கும் பணியையும் கவனித்தார். 1893-இல் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணி, தம் வீட்டுத் தோட்டத்தில் பூத்த ஆர்க்கிட் மலர் ஒன்றை ரிட்லியிடம் கொண்டு வந்து காட்டினார். அது புதிய கலப்பின மலர் என்பதை ரிட்லி கண்டறிந்து, அப்பெண்மணியின் பெயராலேயே உலகிற்கு அறிவித்தார். வாண்டா மிஸ் ஜோக்கிம் என்ற அம்மலர் 1981-இல் சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று. பிறருடைய உழைப்பைத் தம் பெயரில் சேர்த்துக்கொள்ளாத பண்பு அவரிடம் இருந்தது என்பதற்கு இஃது ஒரு சான்று.

காலம் திரும்பியது

ரிட்லியின் சொல்லைக் கேட்டு முதலில் துணிந்தவர்களுள் ஒருவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான். 1896-இல் அவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங் என்னுமிடத்தில் ஏறத்தாழ 40 ஏக்கர் நிலத்தில் ரப்பர் பயிரிட்டார். அக்காலத்திலேயே சிலாங்கூரின் காஜாங்கிலும் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் தங்கள் தோட்டத்தில் சிறிதளவு ரப்பரை நட்டனர். சில ஆண்டுகளுக்குப் பின் டான் சே யான் புக்கிட் அசஹானில் மிகப் பெரிய அளவில் பயிரிட்டார். மற்றவர்கள் அவருடைய மரங்களைப் பார்த்த பின்னரே நம்பத் தொடங்கினர்.

இதற்கிடையே காப்பியின் காலம் முடிவுக்கு வந்தது. பிரேசில் நாட்டில் காப்பி விளைச்சல் பெருகியதால் உலகச் சந்தையில் விலை சரிந்தது. பூச்சியும் நோயும் மலாயாவின் காப்பிச் செடிகளைத் தாக்கின. கையில் நிலம் இருந்தும் நட்டத்தில் தவித்த முதலாளிகள் மாற்றுப் பயிரைத் தேடினர். அதே வேளையில் மேலைநாடுகளில் மிதிவண்டிகளும் மோட்டார் வண்டிகளும் பெருகின. டயர் செய்ய ரப்பர் தேவைப்பட்டது. அமேசான் காட்டு ரப்பர் அத்தேவைக்குப் போதவில்லை. ஒரு காலத்தில் ரிட்லியைக் கண்டு சிரித்தவர்கள் விதை கேட்டு வந்தனர். விதைகள் ஆயத்தமாக இருந்தன. விதை தரும் முதிர்ந்த மரங்களைப் பூங்காவில் அழியாமல் காத்து வைத்திருந்தவர் அவரல்லவா? 1917-ஆம் ஆண்டு வரையில் சிங்கப்பூர்ப் பூங்கா வழங்கிய ரப்பர் விதைகள் ஏறத்தாழ 70 இலட்சம்.

1910-இல் இலண்டன் சந்தையில் ஓர் இராத்தல் ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. காடுகள் விரைந்து தோட்டங்களாயின. 1920-ஆம் ஆண்டளவில் மலாயாவில் 20 இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் ரப்பர் நின்றது. உலகில் விளைந்த ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து சென்றது. கோலசிலாங்கூர் வட்டாரத்திலும் ஆற்றோரச் சமவெளிகளிலும் மேட்டு நிலங்களிலும் தோட்டங்கள் உருவாயின. ஈஜோக்கைச் சுற்றியிருந்த காடும் நிரை நிரையான பால்மரங்களுக்கு இடம் கொடுத்தது.

உளி பிடித்த கைகள்

விதையும் அறிவும் பூங்காவிலிருந்து வந்தன. ஆனால், காட்டை வெட்டி, வடிகால் தோண்டி, கன்று நட்டு, களையெடுத்து, மரம் சீவும் கைகள் வேண்டுமே? அதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து தமிழர்கள் பெருந்திரளாக அழைத்து வரப்பட்டனர். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடார்க்காடு முதலிய மாவட்டங்களின் சிற்றூர்களுக்குச் சென்ற கங்காணிகள் ஆள் சேர்த்தனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் இறங்கி, தோட்டத்து லயங்களில் குடியேறினர்.

அவர்கள் பட்ட துன்பம் கொஞ்சமன்று. புதிதாக வெட்டிய காட்டில் மலேரியாக் காய்ச்சல் பரவியது. ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்த பலர், இம்மண்ணிலேயே உயிர் நீத்தனர். கிடைத்த கூலி குறைவு, வேலையோ கடுமையானது. ரப்பரின் விலை ஏறியபோது பங்குதாரர்கள் செல்வந்தர் ஆயினர். விலை சரிந்தபோது முதலில் வேலை இழந்தவர்கள் தொழிலாளர்களே.

ஆயினும், ரிட்லி கண்டறிந்த அந்த நுட்பத்தை அன்றாடக் கலையாக ஆக்கியவர்கள் அவர்கள்தாம். பட்டையின் கனத்தை விரல்நுனியால் உணர்ந்து, மரத்தைக் காயப்படுத்தாமல், அரைகுறை இருட்டில், ஒரு காலையில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவுவது எளிய செயலன்று. அறிஞர் ஒருவர் சில மரங்களில் சோதித்துப் பார்த்ததை, எழுதப் படிக்கத் தெரியாத தாயும் தந்தையும் கோடிக்கணக்கான மரங்களில் நாள்தோறும் செய்து காட்டினர். பெண்கள் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்குச் சென்றனர். அந்த உழைப்பில்தான் பள்ளிகளும் கோயில்களும் எழுந்தன. அடுத்த தலைமுறை படித்து முன்னேறியதும் அதனால்தான்.

நூறாண்டு வாழ்வு

ரிட்லி 1911-இல் பணி ஓய்வு பெற்றார். 1907-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் அரச கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்திருந்தது. தாயகம் திரும்பியவர், கியூ பூங்காவிற்கு அருகில் குடியேறினார். ஓய்வு என்பது அவருக்குப் பெயரளவில்தான். தாம் சேகரித்தவற்றையும் பிறர் சேகரித்தவற்றையும் ஆராய்ந்து, மலாய்த் தீவக்கற்பத்தின் தாவரங்களைப் பற்றி ஐந்து தொகுதிகள் கொண்ட பெருநூலை எழுதினார். அது 1922 முதல் 1925 வரை வெளிவந்தது. விதைகள் காற்றாலும் நீராலும் பறவைகளாலும் எவ்வாறு பரவுகின்றன என்பதை விளக்கும் பெரிய நூலொன்றை 1930-இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 74.

முதுமையிலும் அவருக்கு வாழ்வின்மீது ஆர்வம் குன்றவில்லை. 1941-இல், 85-ஆம் வயதில், அவர் முதன்முறையாகத் திருமணம் செய்துகொண்டார். 1955 டிசம்பரில் தம் நூறாவது பிறந்தநாளைக் கண்டார். பித்துப்பிடித்தவர் என்று பெயர் வாங்கியவர், தாம் காத்த மரத்தால் ஒரு நாடே வளம் பெற்றதைத் தம் கண்ணாலேயே பார்க்கும் பேறு பெற்றார். 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றது. புதிதாகப் பிறந்த நாட்டின் பொருளாதாரத்தை அப்போது தாங்கி நின்ற தூண்களுள் முதன்மையானது ரப்பர்.

ரிட்லி தொடங்கிய ஆய்வு அவரோடு முடியவில்லை. 1925-இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. ஈஜோக்கிலிருந்து கோலாலம்பூர் செல்லும் வழியில் உள்ள சுங்கை பூலோவில் அக்கழகத்தின் சோதனைத் தோட்டம் அமைந்தது. மிகுதியாகப் பால் தரும் மர வகைகளை அங்கு ஒட்டுக்கட்டி உருவாக்கினர். ரிட்லி பணிபுரிந்த சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை 2015-இல் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

இன்று கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பால்மரங்கள் அருகிவிட்டன. அவ்விடத்தைச் செம்பனை பிடித்துக்கொண்டது. செம்பனையின் கதையும் இதனைப் போன்றதே. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அம்மரமும் முதலில் பூங்காக்களில் வளர்ந்தது. அழகுக்காகச் சாலையோரங்களில் நடப்பட்டது. 1917-இல் ஹென்றி ஃபொக்கோன்யே என்ற பிரெஞ்சுக்காரர் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் அதனை வணிகப் பயிராக நட்டார். மலாயாவின் முதல் செம்பனை வணிகத் தோட்டம் அதுவே. அழகுக்காக ஒருவர் நட்ட மரத்தில் மற்றொருவர் பயனைக் கண்டார்.

ரிட்லியிடம் பெரும் படையோ பெருஞ்செல்வமோ இருக்கவில்லை. புதர் மூடிய சில மரங்களும், அவற்றை உற்றுநோக்கும் கண்களும், பிறர் சிரித்தாலும் கலங்காத மனமுமே இருந்தன. பயன் தெரியும் வரை ஒரு மரத்தைக் காப்பாற்றி வைப்பதும் ஒரு பெரும் பணி என்பதை அவருடைய வாழ்க்கை உணர்த்துகிறது. அவர் காத்த மரத்தைத் தம் வியர்வையால் வளமாக்கிய தோட்டத் தொழிலாளர்களின் பெயர்கள் எந்தப் பெருநூலிலும் இல்லை. ஆனால், ஈஜோக்கிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வீட்டுக்கு வீடு அந்தப் பெயர்கள் நினைவில் இருக்கின்றன. பாட்டன் பாட்டியிடம் கேட்டால் அவர்கள் சொல்வார்கள்.